கண் திறக்காத குட்டியின் மூளைக்குள் பார்வைக்கான இணைப்புகள் எப்படி உருவாகின்றன?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பரணில் பூனை குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் பத்து நாள் கண் மூடியே கிடந்தன, கண் திறந்து இரண்டு மூன்று வாரத்தில் தாயின் வாலைத் துரத்த ஆரம்பித்துவிட்டன. அந்தப் பத்து நாளில் மூளைக்குள் என்ன நடந்தது, இணைப்புகள் எல்லாம் மரபணுவில் எழுதியபடி வந்தவையா, இல்லை கண் திறந்தபிறகு பார்த்துப் பார்த்து மூளை அமைத்துக்கொள்கிறதா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், கர்ப்பிணியின் வயிற்றில் டார்ச் அடித்தால் குழந்தையின் பார்வை நன்றாக வளரும் என்று சொல்லும் ஒரு வீடியோ உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால் இரண்டும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே பலர் கேள்விப்படாத மூன்றாவது ஒன்று இருக்கிறது, இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கண் திறக்கும் முன்பே, வெளிச்சம் எதுவும் தேவைப்படாமல், விழித்திரை தானாகத் துடிக்கிறது, அதாவது அதன் செல்கள் தாமாகவே மின் துடிப்பை எழுப்புகின்றன. அந்தத் துடிப்பை வைத்து மூளை தன் இணைப்புகளைச் சரிபார்த்துக்கொள்கிறது. நான் சுண்டெலிக் குட்டிகளின் பார்வைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில் பார்வையைக் கையாளும் பகுதி) பல வருடம் ஆய்வு செய்துவிட்டு இப்போது பாடம் நடத்துகிறேன், கண் மருத்துவர் இல்லை. அதனால் எலி, பூனை பற்றித் தைரியமாகச் சொல்வேன். மனிதக் குழந்தை என்று வரும்போது எது நேரடிச் சான்று, எது விலங்குகளை வைத்துச் செய்யும் ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

பாதையை முதலில் பார்த்துவிடலாம், இல்லையென்றால் பின்னால் குழம்பும். விழித்திரையின் கடைசி அடுக்கில் இருக்கும் கேங்லியன் செல் ஒவ்வொன்றிலிருந்தும் ஆக்சான் என்ற நீண்ட இழை ஒன்று கிளம்புகிறது. அந்த இழைகள் எல்லாம் கற்றையாகச் சேர்ந்ததுதான் பார்வை நரம்பு. மனிதருக்கு ஒரு கண்ணுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் இழைகள். இரண்டு கண்களின் நரம்புகளும் மூளையின் அடிப்பக்கம் ஓரிடத்தில் சந்திக்கும், அங்கே சில இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டும், சில தன் பக்கமே போகும். அப்புறம் மூளையின் நடுவே தலாமஸ், அதில் எல்ஜிஎன் என்று ஒரு சிறு முடிச்சு. அங்கிருந்து வேறு நரம்பு செல்கள் பின்மண்டையில் உள்ள முதல்நிலைப் பார்வைப் புறணிக்கு, வி1 என்று சொல்வோம், செய்தியை அனுப்புகின்றன. வி1-ஐச் சுற்றி மேல்நிலைப் பகுதிகள் பல உண்டு: சுண்டெலிக்கே பத்து வரை, குரங்குக்கு முப்பதுக்கு மேல் கணக்கிட்டிருக்கிறார்கள். இது தவிர நடுமூளையில் உள்ள சுப்பீரியர் காலிகுலஸுக்கு ஒரு கிளை போகிறது. இத்தனை நிலையம் மாறினாலும் ஒரு ஒழுங்கு கலைவதில்லை, விழித்திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை மூளையிலும் பக்கத்துப் பக்கத்திலேயே போய்ச் சேருகின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் விழித்திரையின் வரைபடம் ஒன்று விரிகிறது. அந்த வரைபடம் இருட்டில் எப்படி வரையப்படுகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி.

முதல் பாதி வேலையை மரபணு செய்கிறது, இதில் சந்தேகம் இல்லை. 1940களில் ரோஜர் ஸ்பெர்ரி, தவளை போன்ற பிராணிகளின் பார்வை நரம்பை வெட்டி, கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். அவற்றுக்கு நரம்பு மறுபடி வளரும், வளர்ந்தது. ஆனால் பூச்சியை மேலே காட்டினால் தவளை கீழே பாய்ந்தது, எத்தனை நாள் ஆனாலும் அதைத் திருத்திக்கொள்ளவே இல்லை. இழைகள் மூளையில் தங்கள் பழைய இடத்தையே தேடிப்பிடித்து ஒட்டியிருந்தன, அதனால் தவளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா இல்லையா என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஒவ்வொரு இழைக்கும் வேதி அடையாளம் ஒன்று இருக்க வேண்டும் என்று 1963இல் ஸ்பெர்ரி வாதிட்டார். அந்த அடையாளம் கையில் சிக்க இன்னும் முப்பது வருடம் பிடித்தது. 1995இல் எஃப்ரின் என்ற புரதக் குடும்பம் இந்த வேலையைச் செய்வது தெரியவந்தது. நடுமூளையில் எஃப்ரின்-ஏ முன்பக்கம் குறைவாகவும் பின்பக்கம் போகப்போக அதிகமாகவும் படிந்திருக்கும். அதை உணரும் ஏற்பி விழித்திரையின் மூக்குப் பக்கம் குறைவு, நெற்றிப்பொட்டுப் பக்கம் அதிகம். எஃப்ரின் இந்த இழைகளை விரட்டும் பொருள். ஏற்பி அதிகமுள்ள இழைக்குக் கொஞ்சம் எஃப்ரினே தாங்காது, காரம் தாங்காதவர் இரண்டாவது வாயிலேயே கையை எடுத்துவிடுவது மாதிரி முன்பக்கமே நின்றுவிடும். ஏற்பி குறைந்த இழை பின்பக்கம் வரை போகும். இந்த எஃப்ரின்களை நீக்கிய எலிகளில் வரைபடம் கண்டபடி கலைந்துபோகிறது.

நரம்புகள் சந்திக்கும் இடத்திலும் இதே குடும்பம்தான் காவல் நிற்கிறது. நடுக்கோட்டில் எஃப்ரின்-பி2 இருக்கும். அதற்கான ஏற்பி உள்ள இழை அதைத் தொட்டதும் திரும்பித் தன் பக்கம் போய்விடும், ஏற்பி இல்லாதது தாண்டிப் போகும். சுண்டெலியில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான இழைகள்தான் தன் பக்கம் தங்குகின்றன. மனிதருக்கு இரண்டு கண்ணும் முன்னால் பார்ப்பதால் நாற்பதுக்கு மேல். சயாமீஸ் பூனைகளில் பல மாறுகண்ணோடு இருப்பதைப் பார்த்திருக்கலாம். அவற்றின் உடலில் மெலனின் நிறமி குறைவு. நிறமி குறைந்தால், தன் பக்கம் தங்க வேண்டிய இழைகளில் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. அல்பினிசம் உள்ள மனிதர்களுக்கும் வெள்ளைப்புலிக்கும் இதே நிலைதான். நிறமிக்கும் நரம்பு போகும் வழிக்கும் இடையே என்ன சங்கிலி என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை. விழித்திரை செல்கள் பிறக்கும் நேரம் மாறிப்போவது காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு.

இத்தனை இருந்தும் வேதிப்பொருள் ஊர், தெரு வரைக்கும்தான் கொண்டுபோய் விடும், கதவு எண் வரை எட்டாது. நம்மிடம் இருப்பது சுமார் இருபதாயிரம் மரபணுக்கள், பார்வைப் பாதையில் மட்டும் இணைப்புகள் கோடிக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி எழுத இடமே கிடையாது. அதனால் மூளை முதலில் தாராளமாக உண்டாக்கிவிட்டுப் பிறகு கழிக்கிறது. மனிதக் கருவில் 16, 17 வாரத்தில் ஒரு பார்வை நரம்பில் சுமார் 37 லட்சம் இழைகள் இருக்கும், முப்பதாவது வாரத்துக்குள் அது 11 லட்சத்துக்கு வந்துவிடும். எல்ஜிஎன்னிலும் அப்படித்தான். ஆரம்பத்தில் இரண்டு கண்களின் இழைகளும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், பிறப்பதற்கு முன்பே பிரிந்து தனித்தனி அடுக்குகளில் உட்கார்ந்துவிடும் என்று 1976இல் பாஸ்கோ ரகிச் குரங்குக் கருக்களில் காட்டினார். யார் இருப்பது, யார் போவது என்று எதை வைத்து முடிவாகிறது? குரங்குக் குட்டி அப்போது கருப்பைக்குள் இருக்கிறது, பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இங்கேதான் நான் சொன்ன மூன்றாவது விஷயம் வருகிறது. நான் முதன்முதலில் அதைக் கண்ணால் பார்த்த இரவை இன்னும் மறக்கவில்லை. ஆறு நாள் சுண்டெலிக் குட்டி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், உடம்பு முழுக்க இளஞ்சிவப்பு, முடி இப்போதுதான் அரும்புகிறது, கண் இருக்க வேண்டிய இடத்தில் தோலுக்கடியில் ஒரு கரும்புள்ளி. மண்டையோடு அவ்வளவு மெல்லியது, அதன் வழியாகவே மூளை தெரியும். நரம்பு செல் துடிக்கும்போது ஒளிரும் புரதம் ஒன்றை அந்த எலியின் செல்களில் முன்கூட்டியே சேர்த்திருப்போம். குட்டியை வெதுவெதுப்பான மெத்தையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்த நடுமூளையின் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் எழுந்தது, ஈரத் துணியில் மை பரவுகிற மாதிரி மெதுவாக நகர்ந்தது, சில நொடியில் அடங்கிவிட்டது. ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு வேறு ஓரத்திலிருந்து இன்னொன்று, இந்த முறை வேறு திசையில். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததும், நடுமூளையில் எழும்போதே வி1-இலும் அதற்குப் பொருத்தமான இடத்தில் மங்கலாக ஒன்று எழுவது தெரிந்தது. வெளியே எதையும் பார்த்தறியாத ஒரு கண், தோலுக்குப் பின்னாலிருந்து மூளையிடம் பேசிக்கொண்டிருந்தது.

இதை விழித்திரை அலை என்கிறோம். எலிக் கருவின் விழித்திரை செல்கள் தாமாகவே துடிப்பதை 1988இல் இத்தாலியில் லூசியா கல்லியும் லம்பெர்த்தோ மாஃபேயும் பதிவு செய்தார்கள். 1991இல் மார்க்கஸ் மைஸ்டர், ரேச்சல் வாங், டெனிஸ் பெய்லர், கார்லா ஷாட்ஸ் ஆகியோர் ஃபெரட் (கீரி போலத் தோன்றும் சிறு பிராணி) குட்டிகள், பூனைக் கருக்கள் ஆகியவற்றின் விழித்திரையை நுண் மின்முனைகள் வரிசையாகப் பதித்த தட்டில் வைத்து, துடிப்பு ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு அலையாகப் பரவுவதைக் காட்டினார்கள். இந்த அலையை ஒரு கட்டத்தில் நடத்துபவை விழித்திரையிலேயே உள்ள ஸ்டார்பர்ஸ்ட் செல்கள், அவை பயன்படுத்தும் வேதிப்பொருள் அசிடைல்கோலின். கண் திறக்கும் நாள் நெருங்கும்போது வேறு செல்கள் குளுட்டமேட்டை வைத்து அலையை நடத்துகின்றன. உயிருள்ள குட்டியில் அலை மூளை வரை போய்ச் சேருகிறதா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. 2012இல் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் க்ரேர் குழு சுண்டெலிக் குட்டிகளில் அதைப் படம் பிடித்த பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. மேலே நான் சொன்ன காட்சி அதே வகைதான்.

சரி, அலையால் என்ன பயன்? மாணவர்களிடம் நான் இப்படிச் சொல்வேன். நீங்கள் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் ஆயிரம் தொலைபேசி. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஊரிலிருந்து வருகிறது, ஊர் பெயர் தெரியாது. அங்கே மழை பெய்யும்போது மட்டும் அது அடிக்கும். ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டால் போதும், எந்த எந்த தொலைபேசி ஒரே நேரத்தில் அடிக்கிறதோ அவை பக்கத்து ஊர்கள், ஒன்று அடித்துச் சற்றுப் பொறுத்து இன்னொன்று அடித்தால் கொஞ்சம் தள்ளியுள்ள ஊர் என்று கணக்குப் போட்டு, எந்த ஊரையும் பார்க்காமலே வரைபடம் போட்டுவிடலாம். ஆயிரத்தில் பாதி கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து வருகிறது என்றால், அங்கே பெய்யும் மழைக்கும் இங்கே பெய்யும் மழைக்கும் சம்பந்தம் இருக்காது, இரண்டு கூட்டமும் தானாகப் பிரிந்துவிடும். இடது கண் அலையும் வலது கண் அலையும் பெரும்பாலும் அப்படித்தான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் எழுகின்றன. ஒரே நேரத்தில் துடிக்கும் இழைகள் ஒரே செல்லில் சேர்ந்து வலுப்பெறும், சேராமல் துடிப்பது பலம் குறைந்து கழியும். கழிக்கும் வேலையில் மைக்ரோக்ளியா என்ற துப்புரவு செல்களுக்கும் பங்குண்டு. உடலில் கிருமிக்கு அடையாளம் குத்தும் அதே காம்ப்ளிமென்ட் புரதங்கள் இங்கே வேண்டாத இணைப்பில் ஒட்ட, மைக்ரோக்ளியா அதை விழுங்குகிறது.

இது வெறும் உவமை இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1988இல் ஷாட்ஸும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும் பூனைக் கருவின் மூளைக்குள், பேத்தை மீனில் இருக்கும் நஞ்சான டெட்ரோடோடாக்சினைச் சிறு பம்ப் வழியாகச் செலுத்தி நரம்புத் துடிப்பை நிறுத்தினார்கள். எல்ஜிஎன்னில் இரண்டு கண்களின் இழைகள் பிரியவே இல்லை. பிறகு வந்த சோதனை இன்னும் அழகானது. விழித்திரை செல்களை ஒளியால் துடிக்கவைக்கும்படி மாற்றிய எலிக்குட்டிகளில், இரண்டு கண்களையும் ஒரே நேரத்தில் தூண்டினால் இழைகள் பிரிவது கெட்டது, மாறிமாறித் தூண்டினால் கெடவில்லை. இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் மழை பெய்தால் தொலைபேசிகளைப் பிரிக்க முடியாது, இல்லையா? ஆனாலும் ஒரு பழைய சண்டை முழுதாக ஓயவில்லை. அலையின் வடிவமே வரைபடத்தை வரைகிறதா, இல்லை ஏதோ ஒரு துடிப்பு இருந்தால் போதும், மற்றதை வேதிப்பொருள் பார்த்துக்கொள்கிறதா? அலையின் வடிவம் குலைந்த எலிகளை வைத்து இரு தரப்பும் பல வருடம் வாதாடினார்கள். என் கருத்து, இரண்டு கண்களின் இழைகள் பிரிவதற்கும் வரைபடம் கூர்மையாவதற்கும் அலையின் வடிவம் தேவை. வரைபடத்தின் மேல் கீழ், முன் பின் என்ற திசைக்கு வேதிப்பொருளே போதும். இதை ஏற்காத நல்ல ஆய்வாளர்களும் உண்டு.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் உங்கள் கேள்வி எப்படியும் போய் முட்டுகிற இடம். ஒரு வரைபடம் உருவாவது சரி, பத்து முப்பது பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வலைப்பின்னல் எப்படி உருவாகிறது? விழித்திரை முதலில், அப்புறம் எல்ஜிஎன், அப்புறம் வி1, வி1 தயாரான பிறகு அது அடுத்த பகுதிக்குக் கற்றுக்கொடுக்கும் என்று, செங்கல் மேல் செங்கலாக வீடு கட்டுவதுபோல்தான் நான் படித்த காலத்தில் நினைத்தோம். 2022இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஓகி குழு சுண்டெலிக் குட்டிகளில் காட்டியது வேறு. தலாமஸின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வி1-க்கும் மேல்நிலைப் பகுதிகளுக்கும் இணைப்புகள் ஒரே காலகட்டத்தில், தனித்தனித் தடங்களாக, ஒவ்வொன்றும் தன் வரைபடத்தோடு முதலில் வந்துவிடுகின்றன. அப்போது வி1-க்கும் மேல்நிலைப் பகுதிகளுக்கும் இடையே நேரடிப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. ஆனால் விழித்திரையில் ஒரு அலை எழுந்தால் எல்லாத் தடங்களிலும் ஏறி, அத்தனை பகுதிகளிலும் பொருத்தமான இடத்தில் ஒரே நேரத்தில் தெரிகிறது. ஒரே நேரத்தில் துடித்த இடங்கள் பிறகு ஒன்றோடொன்று சரியாகக் கோத்துக்கொள்கின்றன. அலையைக் கெடுத்தால் அந்தக் கோப்பும் கெடுகிறது. தூண்களை எல்லாம் முதலில் தனித்தனியாக நிறுத்திவிட்டு, பிறகு உத்திரம் வைத்து இணைப்பது மாதிரி. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு என் பழைய பாடக்குறிப்பை மாற்றி எழுதினேன். இது எலியில் தெரிந்தது. குரங்கிலும் மனிதரிலும் இப்படியே நடக்கிறதா என்பது திறந்த கேள்வி, குரங்கின் அடுக்குகள் எலியைவிட மிக அதிகம்.

இன்னொரு முடிவும் என்னைத் திகைக்கவைத்தது. கண் திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு இந்த அலைகள் கண்ட திசையில் போவது குறைந்து, ஒரு குறிப்பிட்ட திசையில் அதிகம் போகின்றன. அது, பிராணி முன்னால் நடக்கும்போது உலகம் கண் மேல் பின்னோக்கி நகரும் அதே திசை. 2021இல் க்ரேர் குழு இதைக் காட்டியது. குட்டி இன்னும் நேராக நாலடி நடந்ததில்லை, கண் திறந்ததில்லை, ஆனால் நடக்கும்போது தெரியப்போகிற காட்சிக்கு விழித்திரை முன்கூட்டியே ஒத்திகை நடத்துகிறது.

இப்போது கண் திறக்கிறது. இங்கே டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் செய்த வேலையைச் சொல்லாமல் முடியாது, 1981இல் இவர்களும் ஸ்பெர்ரியும் சேர்ந்தே நோபல் வாங்கினார்கள் (ஸ்பெர்ரிக்குக் கிடைத்தது மூளையின் இரு பாதிகள் பற்றிய வேறு வேலைக்காக). 1960களில் அவர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடி, மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாக இருந்தது, ஆனால் வி1-இல் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல் கிட்டத்தட்ட இல்லை, திறந்திருந்த கண் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. இதில் முக்கியமானது, இரண்டு கண்ணையும் மூடினால் ஒரு கண்ணை மட்டும் மூடியதைவிடக் கேடு குறைவாக இருந்தது. வெளிச்சம் இல்லாததைவிடப் போட்டியில் தோற்பதுதான் அந்தக் கண்ணைக் கெடுக்கிறது. மாறுகண்ணைக் கவனிக்காமல் விட்டால் ‘சோம்பேறிக் கண்’ வருவதும் இதனால்தான், அங்கே கண் சோம்பியிருக்கவில்லை, மூளை அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

இந்தச் சோதனைகளைப் படித்துவிட்டுப் பலர், பார்ப்பதால்தான் இணைப்பே உண்டாகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. பிறந்த உடனே குரங்குக் குட்டியின் வி1-இல் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் மாறிமாறி அமைந்த செல் பட்டைகள் ஏற்கெனவே இருப்பதை 1996இல் பார்த்தார்கள். பார்வை செய்வது பெரும்பாலும் இருப்பதைத் தக்கவைப்பதும் கூர்மையாக்குவதும், ஒரு செல் இரண்டு கண் வழியாகவும் ஒரே சாய்வுள்ள கோட்டுக்குப் பதில் சொல்லும்படி ஒத்திசைப்பதும். மனிதக் குழந்தையின் பார்வைப் புறணியில் சினாப்ஸ் (இரண்டு நரம்பு செல்கள் இணையும் இடம்) அடர்த்தி எட்டு மாதத்தில் உச்சத்துக்குப் போய், பதினொரு வயதுக்குள் நாற்பது சதவீதம் போலக் குறைகிறது என்று பீட்டர் ஹட்டன்லோக்கர் எண்ணிச் சொன்னார். ஆகவே பள்ளிக்கூட வயது வரை வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

பார்க்கும் அனுபவம் இணைப்புகளை இப்படி எளிதாக மாற்றக்கூடிய இளம்பருவத்தை வாய்ப்புக்காலம் என்கிறோம். அது எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்பதற்கும் மூளைக்குள் ஒரு கடிகாரம் உண்டு. மற்ற செல்களின் துடிப்பை அடக்கும் செல்கள், அதாவது காபா என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை, போதிய அளவு முதிர்ந்தால்தான் அது தொடங்கும். காபா குறைந்த எலிகளில் வாய்ப்புக்காலம் தொடங்குவதே இல்லை, காபாவின் வேலையைக் கூட்டும் டயாஸெபாம் மருந்தைக் கொடுத்தால் தொடங்குகிறது என்று 1998இல் தகாவோ ஹென்ஷ் குழு காட்டியது. முடியும்போது அந்தச் செல்களைச் சுற்றி வலை மாதிரி ஒரு உறை இறுகுகிறது, 2002இல் மாஃபே குழு வளர்ந்த எலியில் அந்த உறையை நொதி வைத்துக் கரைத்ததும் மூளை மறுபடி நெகிழ்ந்தது. மனிதருக்கு அப்படியே செய்யலாம் என்று இன்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள், அதற்கு வெகுதூரம் இருக்கிறது.

வாய்ப்புக்காலம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா டெல்லியை மையமாக வைத்து நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினைந்து வயதில்கூட அறுவை செய்கிறார்கள். கட்டு அவிழ்த்த உடனே, கையால் தடவித் தெரிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல அவர்களால் முடியவில்லை, ஆனால் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். கூர்மை ஒருபோதும் முழுதாக வருவதில்லை, இருந்தாலும் பல வருடம் கழித்தும் முன்னேறிக்கொண்டே போகிறார்கள். 2024இல் வந்த முடிவு, இப்பிள்ளைகள் வண்ணப் படத்தில் பொருளை நன்றாக அடையாளம் காண்கிறார்கள், அதையே கறுப்பு வெள்ளையில் காட்டினால் தடுமாறுகிறார்கள். நமக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. பிறந்த குழந்தைக்கு நிறம் சரியாகத் தெரியாது, அந்த மங்கலான ஆரம்பமே நிறத்தை நம்பாமல் பார்க்க நம்மைப் பழக்குகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது, ஆனால் விளக்கம் வேறு, கண்டறிந்தது வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

சந்தேகமானவற்றில் ஒன்றிரண்டு. கோடு போட்ட அறையில் வளர்த்த பூனைக்கு அந்தத் திசைக் கோடு மட்டுமே தெரியும் என்ற 1970ஆம் வருடச் சோதனை பாடநூல்களில் எல்லாம் இருக்கும். ஆனால் பிறகு செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த அளவு விளைவு கிடைக்கவில்லை, அதைப் பெரிதாக நம்பாதீர்கள். முகத்தை அறியும் பகுதி பிறவியிலேயே இருக்கிறதா என்பதிலும் இழுபறி. முகமே பார்க்காமல் வளர்த்த குரங்குகளுக்கு அந்தப் பகுதி உருவாகவில்லை என்று 2017இல் மார்கரெட் லிவிங்ஸ்டன் குழு காட்டியது, மறுபக்கம் சில மாதக் குழந்தைகளிடமே முகத்துக்கான தனிப்பகுதி தெரிகிறது என்று வேறு குழுக்கள் சொல்கின்றன. மனிதக் கருவின் விழித்திரையில் அலையை நேரில் பார்க்க வழி இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இஇஜி (தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின் துடிப்பைப் பதிவு செய்வது) எடுத்தால் பின்மண்டையில் விட்டுவிட்டு எழும் துடிப்புகள் தெரியும். எலிக்குட்டியில் அலை கிளப்பும் துடிப்புக்கு அவை நிகராக இருக்கலாம் என்பது நல்ல ஊகம், ஊகம் மட்டுமே.

டார்ச் விஷயம். வயிற்றுச் சுவர் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் போகும், கடைசி மூன்று மாதத்தில் குழந்தை அதற்குத் தலையைத் திருப்பவும் செய்யும், இது உண்மை. ஆனால் அப்படி அடித்தால் பார்வை மேம்படும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவையான துடிப்பைக் குழந்தையின் கண்ணே உண்டாக்கிக்கொள்கிறது, நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். கவனம் வேண்டியது பிறந்த பிறகுதான். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலும், மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலும், ‘மாறுகண் அதிர்ஷ்டம்’, ‘பெரியவனானால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காமல் அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் உங்கள் பரண் குட்டிகள். குட்டிகளுக்கு இந்த வயதில் பீளை கட்டி ஒரு கண் ஒட்டிக்கொள்வது சகஜம். பூனைக்கு நான்காவது வாரத்திலிருந்து வாய்ப்புக்காலம் உச்சத்துக்குப் போகிறது, அப்போது சில நாள் ஒரு கண் மூடியிருந்தாலே வி1 மாறத் தொடங்கிவிடும். ஏதாவது ஒரு குட்டிக்கு அப்படி இருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் சொட்டு மருந்து வாங்கிப் போடுங்கள்.